எம்-30 எழுதாத பட்டறை

பஹீமாவைப் பற்றிக் காத்தான்குடியில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கெட்டிக்காரி என்பது ஒன்று, வாய் கொஞ்சம் நீளம் என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். பெண்பிள்ளைக்கு மிசின் என்றால் தையல் மிசின் என்று முடிவுகட்டி வைத்திருந்த தெருவிலே பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்க் கணினியில் ஓடும் கடைசல் மிசினைப் படித்து, கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலையும் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்? தாய் ஆசியா உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஊருக்குத் திரும்பினாள். கணவன் றுஸ்தி கத்தாரில். சும்மா வீட்டிலிருக்கும் ஆள் அவளில்லை. ஸ்கூட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏறாவூரிலிருந்து கல்முனை வரைக்கும் பட்டறை பட்டறையாகப் போய், மிசின் ஓட்டுகிறவர்களுக்கு முறைப்படி கோட் எழுதப் படிப்பிக்கத் தொடங்கினாள். படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட மூத்த ஆண்கள். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் வாய் பொத்திக்கொண்டு எழுதுவார்கள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அபாயாவின் கைகளை இறப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவாள். தொங்குகிற துணி மிசினுக்குப் பக்கத்தில் ஆகாது என்பது அவளுடைய சட்டம். ஜின், பேய், முனி என்று எவராவது கதை எடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். "மிசினுக்கு மூளையுமில்ல, மனமுமில்ல. நாம எழுதினதைச் செய்யும், எழுதாததைச் செய்யாது," என்பாள். அதை அவள் தொழுகையைப் போல நம்பியிருந்தாள்.

அப்படிப்பட்டவளை மஜீத் ஹாஜியார் தன்னுடைய பட்டறைக்குக் கூப்பிட்டார். வாவிக்கரையோடு ஒட்டிய தகரக் கூரைப் பட்டறை அது. தோணி எஞ்சின்களுக்குச் சாஃப்ட் என்கிற சுழல்தண்டு, நெல் ஆலைகளுக்கு உருளை என்று கடைந்து கொடுப்பார்கள். பின்கதவைத் திறந்தால் தண்ணீர்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய கணினி மிசின் ஒன்று அங்கே நடுவில் நின்றது. அப்துல் மஜீத் என்ற முழுப்பெயரை ஊரே மறந்துவிட்ட அந்த மனிதருக்கு அன்று முகம் வெளிறிப்போயிருந்தது.

"நிலோஜன்ட விரல் போய்ட்டு மகள்," என்றார். "சாமானைக் கழட்டக் கையைப் போட்டிருக்கான், மிசின் தன்ட பாட்டுல மறுகா ஓட வெளிக்கிட்டிரிக்கி. ரெண்டு பிள்ளைட தகப்பன் அவன். இவனுகள் என்னென்னவோ கதைக்கிறானுகள். எனக்கு அதெல்லாம் வேணா. நீங்க ஒழுங்கான முறையப் படிப்பிச்சிக் குடுங்க. இன்னொருத்தன்ட கை போனா நான் இந்தக் கதவைப் பூட்டிப்போட்டு வீட்ட இருந்துருவன்."

இன்னொரு கை போகக்கூடாது. அவளை அழைத்த வேலை அவ்வளவுதான். பஹீமாவுக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை. பழகாத ஆட்கள் கண்டபடி எழுதியிருப்பார்கள், திருத்தினால் சரி என்று நினைத்தாள்.

மிசினின் கதவுக்கு ஒரு காவல் சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் மிசின் ஓடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்தப் பட்டறையில் யாரோ அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டி ஏமாற்றி வைத்திருந்தார்கள். பஹீமா கம்பியை அறுத்துப் பார்த்தாள். சுவிட்சே உடைந்திருந்தது. அது இல்லாமல் மிசின் அசையாது, புதிது கொழும்பிலிருந்து வரவேண்டும். வரும்வரை கம்பியை மறுபடி கட்டி வைத்துத்தான் பிழைப்பு.

பாடம் தொடங்கியது. ஜி என்று தொடங்குகிற கோட் எல்லாம் கத்தியை எப்படிப் போகச் சொல்வது, எம் என்று தொடங்குவது மிசினின் மற்ற வேலைகளுக்கு, சுழல், நில், தண்ணீர் விடு, முடி. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இதுதான் பாஷை என்று பலகையில் எழுதி விளங்கப்படுத்தினாள். பிறகு ஒரு சின்ன சாஃப்டுக்கு ஆளுக்கொரு புரோகிராம் எழுதச் சொன்னாள். சதீசன் மூத்தவன், கை சுத்தமானவன், நன்றாகவே எழுதியிருந்தான். வலது கையில் கட்டுப் போட்டிருந்த நிலோஜன்கூட இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தான். எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. முடிக்கவேண்டிய இடத்தில் ஒருவரும் எம்-30 போடவில்லை. எல்லோரும் எம்-99 போட்டிருந்தார்கள்.

எம்-30 என்றால் வேலை முடிந்தது, நில் என்று பொருள். எம்-99 என்றால் திரும்பித் தலைப்புக்குப் போ, முதலிலிருந்து தொடங்கு. அதைப் பிரதான புரோகிராமின் கடைசியில் போட்டால் மிசின் ஒருவரையும் கேட்காமல் சுற்றிச்சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஒருத்தர்ட பிழை எண்டா விளங்கும். எல்லாரும் ஒரே பிழையை எப்படி விட்ட நீங்க? ஆரு இப்படிப் படிப்பிச்ச?" என்று கேட்டாள்.

தேத்தண்ணி கொண்டுவந்த பெண்தான் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "என்ட அவரு."

அவள் பெயர் புஸ்பம். பட்டறையைக் கூட்டி, இரும்புச் சீவல் அள்ளி, தேத்தண்ணி ஊற்றுகிறவள். அவள் உள்ளே போன பிறகு சதீசன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதையைச் சொன்னான். இந்த மிசினை முதலில் ஓட்டியவர் நல்லரத்தினம், புஸ்பத்தின் கணவர், வாவிக்கு அக்கரையில் பழுகாமத்து ஆள். ஒருவரிடமும் படிக்காமல் தட்டித்தடவிப் பழகியவர். மோட்டார்சைக்கிளைத் துறையில் விட்டுவிட்டுத் தன் தோணியில் வாவியைக் கடந்து வீட்டுக்குப் போவார். வீட்டைவிட்டு இறங்கும்போது நம்மில் யார்தான் 'போறன்' என்பார்கள்? 'போயிட்டு வாறன்' என்பதுதானே வாயில் வரும். அந்த மனிதர் மிசினுக்கும் அதே சட்டத்தை வைத்திருந்தார். முடிந்தது என்று எழுதாதே, அது அபசகுனம், போயிட்டு வாறன் என்று எழுது என்று எல்லோருக்கும் எம்-99 பழக்கிவிட்டார். ஆபத்து வராமலிருக்க அதற்கு முன்னால் ஒரு தரிப்பும் வைத்திருந்தார். பலகையில் ஒரு சின்னப் பொத்தானின் வெளிச்சம் எரிந்தால் அந்தத் தரிப்பில் மிசின் நின்று காத்திருக்கும். வெளிச்சம் அணைந்திருந்தால் தரிப்பைக் கவனிக்காமல் ஓடிவிடும்.

"போன மாரிக்கு முதல் மாரி டீச்சர். வயல் வட்டையெல்லாம் வெள்ளம். வெள்ளிக்கிழமை மத்தியானம், 'வயலை ஒருக்காப் பாத்துப்போட்டு வாறன், மிசினை நிப்பாட்டிப்போடாதீங்க' எண்டு சொல்லிப்போட்டுப் போனவரு. தோணி மட்டும் கரைக்கு வந்திச்சி. ஆள் வரல்ல. தேடாத இடமில்ல. பிரேதமும் இல்ல."

"மறுகா?"

"மறுகா என்ன? புஸ்பக்கா ஒரு கிரியையும் செய்ய விடல்ல. செத்தவருக்குத்தான் அதெல்லாம், அவரு போனவரு, வருவாரு எண்டு சொல்லிப்போட்டா. அங்க இருந்தா அவரு வாறது தெரியாது எண்டு இஞ்சால வந்து அறை எடுத்து இரிக்கா." சதீசன் மிசின் பக்கம் திரும்பாமலே சொன்னான். "வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்கு ஹாஜியார் பள்ளிக்குப் போயிருவாரு. நாங்க சோத்துக்குப் போயிருவம். திரும்பி வந்தா மிசின் சுடும். சில நாள் வாசல்ல வரக்குள்ளயே சத்தம் கேட்டு நிக்கும். சாமான் ஒண்டும் இல்லாம காத்தைக் கடைஞ்சிரிக்கும். வாவியில தூண்டில் போடுறவங்களும் கேட்டிரிக்காங்க. அவரு வேலை செய்றாரு எண்டு நாங்க விட்டுட்டம்."

"நல்ல கதை," என்றாள் பஹீமா. அவளுடைய முதுகு சில்லிட்டது என்னவோ உண்மை. அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே மிசினிலிருந்த எல்லாப் புரோகிராமிலும் எம்-99-ஐ அழித்து எம்-30 போட்டாள். தரிப்பின் வெளிச்சத்தை எரியவிட்டாள். எழுதியதை வேறொருவரும் மாற்றாதபடி மிசினில் ஒரு பூட்டு உண்டு. அதைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இனி நாம் ஓட்டுகிற மிசின்தான், அது நம்மை ஓட்டாது என்று அவர்களுக்கு ஒரு பிரசங்கமும் செய்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடத்துக்கு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சாஃப்ட் புரோகிராமின் கடைசி வரி எம்-99. தரிப்பின் வெளிச்சம் அணைந்திருந்தது. மிசினின் உடம்பு கதகதவென்று இருந்தது. சாவி அவளுடைய கைப்பையில், அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது.

நிலோஜன் கட்டுப்போட்ட கையை மற்றக் கைக்குள் ஒளித்துக்கொண்டான். சதீசன் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் அடுப்பிலிருந்த ஆணம் கரிந்து, ஆசியா உம்மா ஏசினாள். பஹீமாவுக்கு அது காதில் ஏறவில்லை. றுஸ்தி தொலைபேசியில் வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சிரித்தான். "பஹீமா, கோட் எழுதுற பேயை நான் கேள்விப்பட்டதேயில்ல. ஆரோ ஒரு ஆள்தான். மறைஞ்சிருந்து பாரு," என்றான். அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் அது ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது.

வந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் எல்லாவற்றையும் மறுபடி திருத்திவைத்தாள். பாங்கு சொன்னதும் ஹாஜியார் பள்ளிக்குப் போனார். சதீசனும் நிலோஜனும் சாப்பிடக் கிளம்பினார்கள். பஹீமா கணக்கு எழுதுகிற கண்ணாடி அறைக்குள் இருந்து லுஹரைத் தொழுதுவிட்டு, விளக்கைப் போடாமல் கதவோரம் உட்கார்ந்தாள். உச்சி வெயில். காற்றில்லை. பின்கதவு வழியாக வாவியின் வெளிச்சம் உள்ளே வந்து கூரைத் தகரத்தில் அசைந்துகொண்டிருந்தது. சூட்டில் தகரம் அவ்வப்போது டக் டக் என்று சத்தம் போட்டது. மத்தியானத்தில் ஒரு இடம் இவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

புஸ்பம் வந்தாள். விளக்குமாறு இல்லை, தட்டும் இல்லை. கையில் ஒரு சோற்றுப் பொட்டலம் மட்டும். நேரே மிசினிடம் போனாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். பழகிய வீட்டில் விளக்குப் போடுகிறவளைப் போலப் பொத்தான்களை அமுக்கினாள். திரையில் எம்-30 போய் எம்-99 வந்தது. தரிப்பின் வெளிச்சம் அணைந்தது. பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். சுழலி உறுமியது. கத்தித் தலை முன்னே போய், இல்லாத ஒரு சாஃப்டை நெடுகக் கடைந்து, திரும்பி வந்து, மறுபடி போனது. புஸ்பம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு மிசினின் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டாள். இடையிடையே தலையை நிமிர்த்தி, மீன் விலையையும் அறைக்காரி ஏசியதையும் மெல்லிய குரலில் சொன்னாள்.

பஹீமாவுக்கு முதலில் மூச்சு வந்தது. ஆள்தான். பிறகு, பேயைவிட ஆளாக இருப்பதுதான் மோசம் என்று அவளுக்குப் பட்டது.

சாப்பாடு முடிந்து புஸ்பம் மிசினை நிறுத்திய பிறகுதான் பஹீமா வெளியே வந்தாள். புஸ்பம் திடுக்கிடவில்லை.

"அவருட சாவி," என்றாள். "வீட்டுச் சாவியோட சேத்துக் கட்டிவச்சிட்டுப் போனவரு."

"என்னத்துக்கு அக்கா இப்படிச் செய்றீங்க?"

"மிசினை நிப்பாட்டாதீங்க எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவரு. இவனுகள் ஒவ்வொரு நாளும் நிப்பாட்டிப் போடுறானுகள். அவரு போன நேரத்துக்காவது அது ஓடட்டும். பாத்துப் பாத்துப் பழகினது, எனக்கு இந்த ஒண்டுதான் தெரியும்." அவளுடைய முகம் சட்டென்று இறுகியது. "பேயெண்டு சொல்றானுகள் என்ன? அவனுகள்ட வாயில மண் விழ. என்ட மனிசன் உசிரோட இரிக்காரு. வந்து பாக்கக்குள்ள வேலை இரிக்கோணும்."

பஹீமா கை நீட்டினாள். புஸ்பம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். இரண்டு சாவியும் இப்போது பஹீமாவிடம். கடைசி வரியில் எம்-30 போட்டாள். தரிப்பின் வெளிச்சத்தைப் போட்டாள். பழகுகிறவர்களுக்காக மிசினின் ஓட்ட வேகத்தை ஆகக் குறைவில் வைத்தாள். பூட்டினாள். ஒருமுறைக்கு இருமுறை எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தாள்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். சதீசன் இரும்பை மாட்டி வேலையைத் தொடங்கினான். முதல் சாஃப்ட் ஒழுங்காகக் கடைந்து முடிந்தது, மிசின் சொன்ன இடத்தில் நின்றது. பஹீமாவுக்கு மனம் நிம்மதியானது. ஆனால் சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் இன்னொரு சாவி தேடிக்கொள்வாள், இன்னொரு கை போகும். புஸ்பத்தைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நீள வாய்க்காரிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல் கிடைக்கவில்லை.

"அக்கா, கோவிக்காதீங்க. நீங்க ஓட்டிப்போட்டு அப்படியே விட்டுட்டுப் போறீங்க. இவங்க வந்து தெரியாம வேலை செய்றாங்க. சாமானைக் கழட்டக் கையைப் போடக்குள்ள அது மறுகா ஓடுது. நிலோஜன்ட விரல் அப்படித்தான் போயிரிக்கி."

புஸ்பம் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் வெள்ளிக்கிழமைதானே தொடுறனான் டீச்சர். ஓட்டினா கையோட அந்த வெளிச்சத்தையும் போட்டு, அவரு வச்சிரிந்த மாதிரியே வச்சிப்போட்டுத்தான் போறனான். நீங்க வந்த பிறகுதான், கடைசி வரியை ஆரு மாத்தினதெண்டு தெரியாத பயத்தில போன கிழமை அப்படியே விட்டுட்டுப் போன." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நிலோஜனுக்கு விரல் போனது செவ்வாக்கிழமை. அண்டைக்கு நான் வேலைக்கே வரல்ல. காய்ச்சல்ல கிடந்த."

பஹீமா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சதீசன் மிசினின் கதவைத் திறந்து, சாமானைப் பிடிக்கிற சக்கில் சிக்கியிருந்த சீவல் சுருளை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தான். அவனுடைய மற்றக் கை கதவில் இருந்தது. பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கத்தித் தலை அசைந்தது.

"சதீசன் அண்ணன், கை," என்று அவள் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் கையை இழுத்தான். வரவில்லை. சீவல் சுருள் சட்டைக் கையோடு கொளுவிக்கொண்டது. வேகம் குறைத்து வைத்திருந்ததால் கத்தி மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல், அவன் மணிக்கட்டை நோக்கி வந்தது. நிலோஜன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பஹீமாவின் கண்ணில் திரை தெரிந்தது. கடைசி வரி எம்-30. வெளிச்சம் எரிந்தது. இரண்டு சாவியும் அவளுடைய கைக்குள் இருந்தன. மிசினை உடனே நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அந்தக் கோடியில், எட்டாத தூரத்தில் இருந்தது.

அறை வாசலில் நின்ற புஸ்பம் ஓடவில்லை. சோறு ஆறுகிறது என்று வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் நில்லுங்க. சதீசன்ட கை உள்ளுக்க இரிக்கி."

கத்தி நின்றது. 

தோலுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம்கூட இல்லை. சதீசன் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் பஹீமா போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். புரோகிராமைத் தலைப்பிலிருந்து வாசித்தாள். அவள் எழுதியதில் ஒரு எழுத்து மாறவில்லை. எழுதாததைச் செய்யாது என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த வாய் உலர்ந்துபோயிருந்தது.

அவனுடைய கை தப்பியது. நன்றி சொல்ல அவள் புஸ்பத்தின் பக்கம் திரும்பினாள். புஸ்பத்தின் முகத்தில் சந்தோசமில்லை. அவள் மிசினுக்குக் கிட்டப் போய் அதன் மேல் கையை வைத்து, எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் போல நின்றாள்.

"என்ட சொல்லைக் கேட்டுட்டாரு டீச்சர்," என்றாள்.

"ஓம் அக்கா."

"உசிரோட எங்கயோ இரிக்கிற மனிசனுக்கு, நான் இஞ்ச நிண்டு மெல்லமாச் சொன்னது கேக்குமா?"

சதீசனும் நிலோஜனும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புஸ்பம் சேலைத் தலைப்பை எடுத்து, நெற்றியிலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். தடம் போகும்வரை துடைத்தாள். பிறகு பின்கதவுப் படியில் போய், வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பஹீமா ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். போன மாரிக்கு முதல் மாரியில் அழுதிருக்கவேண்டிய அழுகையைப் புஸ்பம் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.